கறுப்புச் சுவரும் பித்தளைச் சாவியும்

ஊரே சாவியும் கையுமாக அலைந்த நேரம் அது. பொய் பேசுகிறவர்களை ஒரு சுவர் பிடித்துக் கொடுக்கிறதாம்! சாவி மகான் என்று பேர் வாங்கிய ஒரு சாமியாரின் கூடத்தில் இருந்த அந்தக் கறுப்புச் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு கட்டம். வீட்டு இரும்புச் சாவியை அதில் வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். சாவி விழுந்தால் உத்தமர். ஒட்டிக்கொண்டால் புளுகர். புளுகரின் சாவி அங்கேயே தொங்கும். அவர் தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஊரில் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர்தான் கொழுத்துப் போனார்.

கல்யாணப் பேச்சு, பதவி உயர்வு, பக்கத்து வீட்டுச் சண்டை, எதற்கும் சுவர்தான் தீர்ப்பு. ஒருவர் தன் பூனையைத் தூக்கி வந்து, பாலைக் குடித்தது இதுதானா என்று கேட்டார். பூனையிடம் சாவி இல்லாததால் வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. சிரிக்காதீர்கள், அவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்.

நானும் அக்காவும் வேலை பார்த்த அச்சகத்துக்கும் அந்த வியாதி தொற்றியது. அங்கே அச்சடித்த பரீட்சைக் கேள்வித்தாள் எப்படியோ வெளியே போய்விட்டது. முதலாளி யாரையாவது விசாரித்தாரா? அதெல்லாம் எதற்கு? எங்கள் எல்லோரையும் மகானிடம் ஓட்டிக்கொண்டு போனார். எல்லார் சாவியும் விழுந்தது. மெஷின் ஓட்டும் என் அக்காவின் சாவி மட்டும் ஒட்டிக்கொண்டது. அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். மகான் கண்ணை மூடி உறுமியபோது கொல்லென்று சிரித்துவிட்டாள். இனி வேலைக்கு வராதே, போலீசிலும் சொல்லப் போகிறேன் என்றார் முதலாளி. அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் சோறு வேகிறது.

அக்கா அழவில்லை. வீட்டு அலமாரியைக் குடைந்து ஒரு பழைய பித்தளைச் சாவியை எடுத்தாள். அவளுடைய வேலைத் துணியில் ஒட்டியிருந்த அச்சு மையை அதன் மேல் தேய்த்தாள். சாவி இரும்பைப் போலக் கறுத்துவிட்டது.

"இரும்புச் சாவிதான் வேணும்னு அந்த ஆள் ஏன் அடம் பிடிக்கிறான்? காந்தத்துல இரும்பு ஒட்டும்டா. பித்தளை ஒட்டாது" என்றாள்.

மறுநாள் முதலாளியைக் கெஞ்சி மறுவிசாரணை வாங்கினாள். கூடம் நிரம்பி வழிந்தது. அக்கா ஒரு கட்டத்தில் சாவியை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்த மகானைப் பெத்தவளே நான்தான்."

மகான் செருமினார். அக்கா கையை எடுத்தாள். சாவி விழுந்தது. மகான் பலமாகச் செருமினார். அக்கா மறுபடியும் வைத்தாள், மறுபடியும் விழுந்தது. மகானுக்கு எங்கள் அப்பா வயது இருக்கும், அக்காவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இருந்தாலும் சுவர் சொன்னால் சொன்னதுதானே? "நான் அப்பவே நினைச்சேன், மூக்கு அப்படியே இருக்கு" என்றாள் ஒரு அம்மாள். முதலாளி ஓடிப்போய் மகானின் தாயாருக்கு நாற்காலி கொண்டுவந்தார்.

அக்கா அதில் உட்காரவில்லை. மையைத் துடைத்துப் பித்தளையைக் காட்டினாள். பிறகு, "ஆளுக்கு ஆள் மாறுற காந்தம்னா கரண்ட்லதான் ஓடணும்" என்று சொல்லி, நேரே கூடத்தின் மூலைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். சுவரில் தொங்கிய சாவிகள் அத்தனையும் சடசடவென்று கொட்டின. கரண்ட் போன அதே நொடியில் ஊரிலுள்ள புளுகர்கள் எல்லாரும் உத்தமர்கள் ஆகிவிட்டார்கள்.

நாங்கள் போய்ச் சுவர் என்று நம்பிய அந்தக் கறுப்புப் பலகையைப் பெயர்த்தோம். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் செம்புக் கம்பி சுற்றிய இரும்புத் துண்டு ஒன்று இருந்தது. கம்பியில் மின்சாரம் ஓடினால் அது காந்தம், நின்றால் வெறும் இரும்பு. அங்கே வரிசையாக இருந்த சுவிட்சுகளுக்கு நடுவே மகானின் மச்சான் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். செருமல் கேட்டால் சுவிட்சைத் தட்டுவது அவர் உத்தியோகம்.

தன் தெய்வ சக்தி கரண்ட் வழியாகத்தான் வரும் என்றார் மகான். அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி தலையைச் சொறிந்தார். நாளையிலிருந்து மெஷினுக்கு வந்துவிடு என்று அக்காவிடம் முனகினார். போகிற போக்கில், "அப்போ கேள்வித்தாளை வெளிய விட்டது யாரும்மா?" என்று கேட்டார்.

"அதைக் கண்டுபிடிக்கணும்னா தலையைக் கொண்டு வரணும் சார். நீங்க சாவியை மட்டும்தானே கொண்டு வந்தீங்க" என்றாள் அக்கா.