ஒக்தாவ் வாங்கிய டாங்கி மூடி

காரின் பின்பக்கம் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அதை எப்படி நிமிர்த்துவதென்று ஒக்தாவ் யோசிப்பதற்குள் மனைவி ஜினெத் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"வண்டி ஏன் பின்னாடி குந்திக்கிட்டு இருக்கு?"

"உருளைக்கிழங்கு," என்றார் ஒக்தாவ். வாய்க்கு வந்தது அதுதான்.

"அவ்வளவா?"

"மலிவா கெடச்சுது."

உண்மையில் டிக்கியில் இருந்தது அமெரிக்க ராணுவ டாங்கி ஒன்றின் மேல்மூடி. உலகப்போர் நடந்த நாற்பத்து நாலாம் வருஷப் பனியில் ஆர்தென் காட்டுக்குள் மாட்டிக்கொண்ட டாங்கியாம். துருவுக்கு நடுவே வெள்ளை நட்சத்திரத்தின் ஒரு முனை மட்டும் அழியாமல் இருந்தது. பழைய பெயிண்ட் ஒட்டிய இரும்பைக் கண்டால் ஒக்தாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பஸ்தோன் ஊர்ப் பழைய சாமான் சந்தையில் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார்.

வாங்கிய பிறகுதான் ஜினெத் ஞாபகம் வந்தது. களஞ்சியத்தில் ஏற்கெனவே சக்கரம், சங்கிலி, பெட்ரோல் டின் என்று ஒரு மலையே கிடக்கிறது. அடியில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. "இனிமே ஒரு துருப்பிடிச்ச ஆணி வந்தாலும் நான் லியேஜ்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்," என்று ஈஸ்டரன்றே சொல்லிவிட்டாள் ஜினெத். சொன்னால் செய்வாள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

"சரி, கிழங்கை இறக்கு. ராத்திரிக்கு வறுக்கலாம்."

"இதோ, வண்டியைப் பின்பக்கமா கொண்டுபோறேன்."

மூடியைக் கோழிக்கூட்டுக்குள் உருட்டிவிட்டு, பக்கத்துப் பண்ணைக்குப் பறந்து, மலிவில்லாத விலைக்கு மூன்று மூட்டை கிழங்கு வாங்கி வந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

மறுநாள் கோழிகள் கூட்டுக்குள் போக மறுத்து, தோட்டத்தில் ஊர்வலம் நடத்தின.

"கூட்டுல என்ன அது?"

"நரிக்காக வச்சேன். உள்ள நுழைஞ்சா முட்டிக்கும்."

"நரி முட்டுதோ இல்லையோ, கோழி முட்டை போடல." ஜினெத் மூடியைச் சுற்றி வந்து செருப்பால் தட்டினாள். "நல்ல கனம். கழிவுநீர்த் தொட்டி மூடி ஒடைஞ்சு கெடக்கே, இதைப் போட்டுடு."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணத்தைச் சொன்னால் லியேஜுக்குக் கிளம்பிவிடுவாள். ஒக்தாவ் உருட்டினார். யாரோ ஒரு சிப்பாய் திறந்து தலை நீட்டி எதிரியைப் பார்த்த மூடி இப்போது எதைக் காவல் காக்கிறது என்று நினைத்தபோது, அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"துரு கண்ணை உறுத்துது, ஒக்தாவ். ஜன்னலுக்கு அடிச்ச நீல பெயிண்ட் மிச்சம் இருக்கு பாரு."

"மழை வர்ற மாதிரி இருக்கே."

"வரட்டும். நான் குடை பிடிக்கிறேன்."

பிடிக்கவும் செய்தாள். அவர் நட்சத்திர முனையை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி அடித்தார்.

"அந்த ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு."

"எந்த ஓரம்?"

"வெள்ளையா தெரியுதே, அங்க."

ஒக்தாவ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். நட்சத்திரம் போயிற்று. ஜினெத் திருப்தியாகக் குடையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

போனது போகட்டும், குடும்பமாவது மிஞ்சியதே என்று பெருமூச்சு விட்ட நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சந்தையில் அவருக்கு மூடியை விற்ற லம்பேர்! அந்த ஆள் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. பிரஷ்ஷும் கையுமாகக் கோழிக்கூட்டுக்குள் பாய்ந்து, கோழிகளோடு கோழியாக மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஜினெத் வெளியே வந்து, வந்தவனை நேரே தொட்டிக்கு அழைத்துப் போனாள். லம்பேர் குனிந்து நீல மூடியைத் தட்டிப் பார்த்தான்.

"மதாம், உங்க களஞ்சியத்துலேர்ந்து நீங்க ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுக்குற இதே மூடியை உங்க வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்குறது இது மூணாவது தடவை. நீலம் அடிச்சது நல்லதாப் போச்சு, அடுத்த தடவை கப்பல் சாமான்னு சொல்லி வித்துடலாம்."