இருபதில் ஓடிய பந்தயம்

ரேஸ் கார் எவ்வளவு வேகத்தில் போகும் என்று நினைக்கிறீர்கள்? இருநூறு, முந்நூறு என்று சொல்பவர்கள் டி.வி. பார்த்துக் கெட்டுப்போனவர்கள். முறைப்படி அனுமதி வாங்கிய ரேஸ் கார் மணிக்கு இருபது கிலோமீட்டர் போகும். திருவண்ணாமலையில் போனது. அதில் ஒன்றை சிந்துஜா ஓட்டினாள்.

சிந்துஜா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறவள். சென்னையிலிருந்து வல்லரசு என்று ஒரு டைரக்டர் வந்து, அந்தக் காலத்துக் கார் பந்தயத்தைப் படமாக எடுக்கப்போவதாகச் சொன்னார். எட்டுப் பழைய கார்கள். கம்ப்யூட்டர் வித்தை கிடையாது, எல்லாம் நிஜம். மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பார்த்ததும், கடவுளே போட்டு வைத்த ரேஸ் டிராக் என்று கண் கலங்கினார்.

ஹீரோயினுக்குக் கியர் இல்லாத கார்தான் ஓட்டத் தெரியும். பச்சை அம்பாசிடரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த கியரைப் பார்த்து, இங்கே எதற்குக் குடையை மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டது அந்தப் பெண். அதனால் அவளுக்குப் பதிலாக ஹெல்மெட் போட்டு ஓட்டும் வேலை சிந்துஜாவுக்கு வந்தது.

அன்றைக்கே அவள் மகள் தமிழ்செல்வி யு.கே.ஜி. முழுக்கச் சொல்லிவிட்டாள், எங்கம்மா ரேஸில் ஃபர்ஸ்ட்டு வரப்போகிறது என்று. வகுப்பு நம்பவில்லை. ரேணுகாம்பாள் மிஸ்ஸும் சிரித்துவிட்டார்.

"ஃபர்ஸ்ட்டு வந்து போட்டோ எடுத்துனு வாம்மா," என்றாள் செல்வி. "இல்லனா நான் ஸ்கூலுக்குப் போவமாட்டேன்."

மற்றவர்களுக்கு அது சினிமா. சிந்துஜாவுக்கு அது தினமும் காலை எட்டரை மணி ஸ்கூல் வேன்.

அனுமதி தரவேண்டியவர் கோதண்டராமன். வட்டப்பாதை வாகன ஒழுங்கு ஒருங்கிணைப்புக் கண்காணிப்பாளர். பலகையில் பதவியை எழுதி முடித்தபோது பேருக்கு இடமில்லை, அதைக் கதவில் எழுதியிருந்தார்கள். நல்ல மனிதர்தான். முப்பத்தோரு வருட சர்வீஸில் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை. முடியும் என்றும் சொன்னதில்லை. நிபந்தனை போடுவார், அவ்வளவுதான்.

ஆணை வந்தது. "மேற்படி பந்தயமானது, பந்தயத்துக்குரிய அபாயங்கள் யாதுமின்றி நடத்தப்படுதல் வேண்டும்." வேகம் இருபதைத் தாண்டக்கூடாது. ஒரு வண்டி இன்னொரு வண்டியை முந்தக்கூடாது. எட்டு வண்டியும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டால் நெரிசல், ஆகவே பாதையோரம் திசைக்கொன்றாக இருக்கும் எட்டு லிங்கத்துக்கும் ஒவ்வொன்றாக நிறுத்திப் புறப்பட வேண்டும்.

"சார், முன்னாடி போற கார் கண்ணுக்கே தெரியாதே," என்றார் வல்லரசு.

"தெரிஞ்சா முந்தத் தோணும்," என்றார் கோதண்டராமன்.

"அப்ப யார் ஜெயிச்சாங்கன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"அத எதுக்குப் பந்தயத்துல போய் கண்டுபிடிக்கிறீங்க? இணைப்பு ரெண்டப் பாருங்க."

இணைப்பு இரண்டில் வெற்றி வரிசை, வண்டியின் பதிவு மூப்பின்படி தயாராக இருந்தது. அறுபத்திரண்டாம் வருடத்துக் கறுப்பு கார் முதலிடம். சிந்துஜாவின் பச்சைக் கார் எழுபத்தாறு. ஆறாம் இடம்.

"சார், நல்லா ஓட்டினா மேல வரமுடியாதா?" என்று கேட்டாள் சிந்துஜா.

"நல்லா ஓட்டறதுக்கு என்னம்மா ஆதாரம்? பதிவுப் புஸ்தகத்துல தேதி இருக்கு."

படப்பிடிப்பு தொடங்கியது. முதல் ஷாட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. வல்லரசு மைக்கில், "சிஸ்டர், ஒரு இருபதடி பின்னாடி வாங்க, மறுபடியும் எடுப்போம்," என்றார்.

சிந்துஜா இன்ஜினை நிறுத்திவிட்டாள்.

"பின்னாடி வந்தா மலைய இடமா சுத்தற மாதிரி ஆயிடும் சார். இங்க யாரும் அப்படி சுத்தமாட்டாங்க."

"இருபதடிதான் சிஸ்டர்."

"இருபதடினாலும் இடம் இடம்தான் சார்."

டீக்கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் தலையாட்டியது. கோதண்டராமனுக்கு மனசு குளிர்ந்துபோய், அங்கேயே ஜீப்பின் மேல் பேப்பரை வைத்து இணைப்பு மூன்று எழுதினார். ஆக, ஒரு ஷாட்டை மறுபடி எடுக்க மலையை ஒரு முழுச் சுற்று சுற்றி வரவேண்டும். இருபதில் போனால் நாற்பத்திரண்டு நிமிஷம். ஹீரோவுக்குத் தும்மல் வந்தால் நாற்பத்திரண்டு நிமிஷம். முடி கண்ணில் விழுந்தால் நாற்பத்திரண்டு நிமிஷம். இரண்டு நாளில் சிந்துஜாவுக்குப் பத்துப் பதினைந்து பிறவிக்கு வேண்டிய புண்ணியம் சேர்ந்துவிட்டது. ஃபர்ஸ்ட்டுதான் சேரவில்லை. நடுவில் பால்காரர் ஒருவர் மொபெட்டில் எல்லாக் காரையும் முந்திப் போனார். அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

மூன்றாம் நாள் கடைசி நாள். மறுநாள் பௌர்ணமி, ஜனம் கூடிவிடும். மூணு மணியோடு அனுமதி முடிகிறது. இரண்டே கால் மணிக்கு வல்லரசு, சாப்பிட்டுவிட்டுக் கடைசி ஷாட் எடுக்கலாம் என்றார். எட்டு காரும் அங்கங்கே நின்றன. கறுப்பு கார் குபேர லிங்கத்துக்கிட்டே. சிந்துஜா நிருதி லிங்கத்துக்கிட்டே வண்டியை நிறுத்தி, எலுமிச்சம் சாத டப்பாவைத் திறந்தாள்.

இரண்டு நாற்பதுக்குக் கோதண்டராமன் வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"ஜீப்பு சூடாயி நின்னுடுச்சும்மா. மூணு மணிக்கு வேங்கிக்கால்ல மீட்டிங். என்ன எறக்கி விட்டுடு."

"என்ன மீட்டிங் சார்?"

"வேகக் கட்டுப்பாட்டின் பயன்கள்."

ஏறிக்கொண்டார். சிந்துஜா இருபதில் போனாள். வருண லிங்கம் வருவதற்குள் அவர் மூன்று தடவை வாட்ச்சைப் பார்த்துவிட்டார்.

"கொஞ்சம் வேகமா போம்மா."

"இருபதுதான் சார் ஆர்டரு."

"தெரியும்மா. நான்தான் போட்டேன்."

"அப்ப எழுத்துல குடுங்க சார்."

ஃபைலைத் திறந்து எழுதினார். 'நிர்வாக அவசரம் கருதி வேக வரம்பு தற்காலிகமாகத் தளர்த்தப்படுகிறது.' சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்துக் குத்தினார்.

"முந்தக்கூடாதுன்னும் இருக்கு சார்."

அதையும் எழுதினார்.

"அப்புறம் அந்த மூப்பு வரிசை."

"அதுல கை வைக்க முடியாதும்மா. முன்னுதாரணம் ஆயிடும்."

சிந்துஜா வண்டியைப் பத்துக்கு இறக்கினாள். பக்கத்தில் நடந்து போன சாமியார் ஒருவர் ஜன்னல் வழியாகக் கோதண்டராமனுக்குத் திருநீறு நீட்டினார்.

மூன்றாவது சீல் விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் அந்தப் படத்தின் ஒரே பந்தயம். மல்லாட்டை மூட்டையோடு ரயில்வே கேட் மூடுவதற்குள் தாண்டிப் பழகிய கை. ஹீரோவின் சிவப்புக் கார், நீலக் கார், வெள்ளைக் கார் எல்லாம் பின்னால் போயின. சோற்றுக் கையோடு நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். குபேர லிங்கத்தில் கறுப்பு காரையும் தாண்டி, ஈசானிய லிங்கத்துக்கிட்டே கடைசி ஷாட்டுக்குக் கட்டியிருந்த வெற்றி ரிப்பனை அறுத்துக்கொண்டு பச்சைக் கார் வேங்கிக்கால் பக்கம் திரும்பியது. ரிப்பனுக்குப் பக்கத்தில் கேமராமேன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேமராவுக்கு மூடி போட்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது வல்லரசு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அதே மாதிரி இன்னொரு தடவ, சிஸ்டர்."

"மணி மூணேகால் சார்."

வீட்டுக்கு வந்து, ஃபர்ஸ்ட்டு வந்ததைச் சொன்னாள். செல்வி, "போட்டோ?" என்றாள். இரண்டு நாள் வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் செல்போனுக்குச் சலான் வந்தது. குபேர லிங்கத்துப் பக்கத்துக் கம்பத்தில் இருந்த வேகக் கேமரா எடுத்த போட்டோ. எழுபத்தொரு கிலோமீட்டர். ஸ்டியரிங்கில் சிந்துஜா, பக்கத்தில் ஃபைலைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு வாயைத் திறந்தபடி கோதண்டராமன், பின்னால் சின்னதாகக் கறுப்பு கார். கீழே கையொப்பம்: கோதண்டராமன். தளர்வு ஆணையைக் காட்டினால் சலானை ரத்து செய்வார்கள். சிந்துஜா காட்டவில்லை. ரத்தானால் போட்டோவும் போய்விடும்.

ரேணுகாம்பாள் மிஸ் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அரசாங்கமே தேதி போட்டுக் கொடுத்த போட்டோ, யாரால் மறுக்க முடியும்? வல்லரசு போஸ்டருக்கு வாங்கிப் போனார். போஸ்டர் ஒட்டிய வாரத்திலிருந்து ஊருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கம்பத்துக் கேமராவுக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு வேகமாகப் போனார்கள். சலான் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையும் பெண்ணும் எண்பத்து நாலு கிலோமீட்டரில் சிரித்தார்கள்.

இதற்கெல்லாம் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கோதண்டராமனின் போனைப் பயந்துகொண்டே எடுத்தாள் சிந்துஜா.

"அந்த சலான் போட்டோ உங்கிட்ட இருக்குல்லம்மா?"

"உங்க ஆபீஸ்லதான சார் இருக்கும்?"

"இருக்கு. எடுக்கணும்னா விண்ணப்பம் போடணும். ஒப்புதல் நான் தரணும். எனக்கு நானே எப்படித் தர்றது?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல பேத்திகிட்ட ரேஸ் கார்ல போனேன்னு சொன்னா நம்பமாட்டேங்கறாம்மா. எனக்கு ஒரு காப்பி அனுப்பேன்."