உதிரி ரிமோட்டுக்கு ஒரு பஸ் டிக்கெட்

ஒரு காருக்கு இரண்டு ரிமோட் இருந்தால், ஒன்று என்றைக்காவது தொலையும். அது தொலைவதற்குள் மற்றதைப் பத்திரப்படுத்திவிட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த நியாயம். காரைக்குடியில் இருந்த கண்மாய்க்கரைப் பனைமரக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு மட்டும் இது விளங்க ஒரு குழுவும் மூன்று கூட்டங்களும் நாற்பத்திரண்டு உளுந்த வடைகளும் தேவைப்பட்டன.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அந்த அலுவலகத்துக்குப் புதுக் கார் வந்தது. வந்த கையோடு அதிகாரி குமரப்பன் அதற்கு ரிமோட் பூட்டு போட்டார். அந்த வருஷம் ஊரில் அதுதான் மோஸ்தர். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான், நடுவில் ஒரு பொத்தான். அழுத்தினால் கார் ‘கீக், கீக்’ என்று கத்திக் கதவைத் திறக்கும். மறுபடி அழுத்தினால் பூட்டும். குமரப்பன் டீக்கடை வாசலில் இறங்கினால், காரை ஐந்து தடவையாவது கத்தவிட்ட பிறகுதான் டீயைக் கையில் வாங்குவார்.

இரண்டாவது ரிமோட்டை எங்கே வைப்பது? தலைமை எழுத்தர் செம்மலை தன் மேஜை டிராயரில் வைத்தார். ஃபைலை இழுக்கும்போதெல்லாம் பொத்தான் அழுந்தி, வாசலில் நின்ற கார் கத்தியது. குழு கூடியது. செம்மலை அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தியபடி தெருவில் பின்பக்கமாக நடந்தார். தொண்ணூறு அடிவரை கத்திய கார், நூறாவது அடியில் வாயை மூடியது. உத்தரவு பிறந்தது.

‘மேற்படி உதிரி ரிமோட் வெயில், ஈரம், எலி, பொதுமக்கள் ஆகிய நான்கிலிருந்தும் காக்கப்பட வேண்டும். காரிலிருந்து நூறு அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று காலையும் மாலையும் இருபது முறை அழுத்திப் பார்க்கப்பட வேண்டும்.’

அலுவலகம் வாடகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வாசலில் நின்ற காருக்கு நூறடி தள்ளி இருந்தது கடைசிக் கட்டு அடுப்படி ஒன்றுதான். அங்கே டீ போடுகிறவள் அருளம்மாள். ஆகவே உதிரி ரிமோட்டின் பொறுப்பாளர் அருளம்மாள்.

அவளோ அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள். ரிமோட்டைப் பஞ்சில் சுற்றி முறுக்கு டின்னில் வைத்தாள். இருபது முறை அழுத்தச் சொன்னதை, எண்ணிக்கை தப்பியிருக்குமோ என்று நாற்பது முறை அழுத்தினாள்.

இந்த நேரத்தில்தான் அவள் மகள் பெல்சிக்கு வரன் தகைந்தது. மாப்பிள்ளை ஊர் நாட்டரசன்கோட்டைப் பக்கம். மாப்பிள்ளையின் அப்பா வியாகுலத்துக்கு முழங்கால் வலி, பயணம் ஆகாது. அதனால் நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டிலேயே புதன்கிழமை வைத்துக்கொள்வதாகப் பேச்சு. புருஷன் இல்லாத அருளம்மாள் தான் போய் நிற்காவிட்டால் காரியம் நடக்காது. லீவு கேட்டாள்.

“தாராளமாப் போ. டின்னை யாருகிட்ட ஒப்படைக்கிற?” என்றார் செம்மலை.

“நீங்க வச்சுக்கங்க சார். ஒருநாள்தானே?”

“என் மேஜை வாசல்லருந்து முப்பது அடிம்மா. நான் அடுப்படியில போய் உக்காந்தா ஆபீசு என்னத்துக்கு ஆகும்?”

“அப்ப டின்னைக் கையோட கொண்டு போறேன்.”

“கார் இங்குட்டு, ரிமோட் அங்குட்டா? ரிமோட் காரை விட்டு ரொம்ப தூரமும் போகக் கூடாதும்மா!”

அருளம்மாளுக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. காலையில் டீயோடு குமரப்பன் முன்னால் நின்றாள்.

“ஐயா, நாட்டரசன்கோட்டைப் பக்கம் கண்மாய்ல பனை ஏகப்பட்டது நிக்கிதாம். யாருமே எண்ணலையாம்.”

எண்ணாத பனை என்றால் குமரப்பனுக்கு இருப்புக் கொள்ளாது. புதன்கிழமை முகாம் போட்டார். போகிற இடத்தில் ரிமோட் தொலைந்தால் என்ன செய்வது? உதிரியும் வர வேண்டும். காரிலேயே வந்தால்? நூறடி என்னாவது? செம்மலை உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு முடிவு சொன்னார்.

“கார் முன்னால போகும். டின் பின்னால பஸ்ல வரும்.”

அருளம்மாள் அந்தோணியாரை நினைத்துக் கும்பிட்டுக்கொண்டாள். ஒரே ஒரு கவலை. மாப்பிள்ளைக்குப் போடுகிற மோதிரம் அவளிடம் இருந்தது. பஸ்ஸில் யாராவது திருடிவிட்டால்? அதை டிரைவர் சோணையிடம் கொடுத்துக் காரில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டியில் வைக்கச் சொன்னாள். அரசாங்கக் கார், ரிமோட் பூட்டு. இதைவிடப் பத்திரம் ஏது?

அவளும் பெல்சியும் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தபோது மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஊரே நின்றது. நல்ல காரியம் என்று வாழ்த்த வந்த குமரப்பன், ஊர் பார்க்கக் காரை ஏழு தடவை கத்தவிட்டிருந்தார். பிறகு ரிமோட்டைப் பையில் போட்டார். பையைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினார். அரை நிமிஷத்தில் கார் தானாகப் பூட்டிக்கொண்டது. அது ஒரு நவீன வசதி.

“பதினொரு மணிக்கு எனக்கு இன்னொரு ஊர்ல பூசை இருக்கு. மோதிரம் எங்கம்மா?” என்றார் பங்குச் சாமியார்.

“உள்ள இருக்கு சாமி.” அருளம்மாள் காரைக் காட்டினாள்.

குமரப்பன் முகத்தில் கவலையே இல்லை. “இதுக்காகத்தானே உதிரி வச்சிருக்கோம்! எடு டின்னை!”

டின் திறந்தது. பஞ்சு பிரிந்தது. அருளம்மாள் அழுத்தினாள். கார் கத்தவில்லை. காருக்குப் பக்கத்தில் போய் அழுத்தினாள், கண்ணாடியில் ஒட்டி வைத்து அழுத்தினாள். ஊமை. இரண்டு மாதம் காலையும் மாலையும் நல்லா வேலை செய்கிறதா என்று பார்த்துப் பார்த்தே பேட்டரி செத்திருந்தது. நூறடியில் கார் எப்படியும் கத்தாது என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

பெல்சி தலையைக் குனிந்துகொண்டாள். வியாகுலம் முழங்காலைத் தடவியபடி, “என்ன சம்பந்தி, வரச் சொன்னது மோதிரத்துக்கு. நீங்க முறுக்கு டின்னோட வந்திருக்கீக” என்றார்.

“கண்ணாடியை உடைங்க!” என்றாள் அருளம்மாள்.

“உடைக்கவா? அதுக்கு மேலிடத்து அனுமதி வேணும்!” என்று குமரப்பன் கதவை மறித்தார்.

வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சோணை எழுந்து வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சாதாரணச் சாவியை எடுத்தான். தினமும் அவன் வண்டியைக் கிளப்புகிற அதே சாவி. கதவுத் துளையில் விட்டுத் திருகினான். திறந்துகொண்டது.

குமரப்பன் சாவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை நாளா ஏன்டா சொல்லல?” என்றார் குமரப்பன்.

“யாரும் கேக்கலீங்களே ஐயா.” பிறகு அருளம்மாள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னான். “சொன்னா இதுக்கும் ஒரு டின் குடுத்து என்னையும் பஸ்ல ஏத்திருவாகக்கா.”

மோதிரம் போட்டாயிற்று. சாமியார் பூசைக்குப் போய்விட்டார். வியாகுலத்துக்கும் மனம் இளகியது. “எங்களுக்குச் சீரு செனத்தி எதுவும் வேணாம் சம்பந்தி. பையனோட மொபெட்டுக்கு மட்டும் அந்தக் ‘கீக், கீக்’ கெடைக்குமா?” என்றார்.

மறுநாள் அடுப்படியில் அருளம்மாளுக்கு வேலை ஓடவில்லை. விதி மீறி ஏதோ நடந்துவிட்டதாக மனசு அரித்தது. சோணை சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் அடக்க முடியவில்லை. டீயை வைக்கும்போது கேட்டேவிட்டாள்.

“ஐயா, அந்தச் சாவியும் காரைத் திறக்குது. அப்ப அதுவும் நூறடி தள்ளித்தானே இருக்கணும்?”

குமரப்பன் பேனாவை எடுத்தார்.

அடுத்த முகாமுக்கு அருளம்மாள் டின்னோடு பஸ்ஸில் போனாள். பின்சீட்டில் சோணை சாவியோடு உட்கார்ந்திருந்தான், அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. காரை ஓட்ட ஆள் இல்லாததால், ஜன்னல் ஓரத்தில் ரிமோட்டும் கையுமாகக் குமரப்பன்.

“உங்க ஆபீசுல கார் இல்லையா சார்?” என்று கேட்டார் கண்டக்டர்.

“இருக்கே,” என்றார் குமரப்பன். “இப்பத்தான் ரொம்பப் பத்திரமா இருக்கு.”