இரட்டையர் பிறக்காத ஊர்

ஐன் ஜெர்ரா நகரில் இரட்டைக் குழந்தைகள் பிறப்பதில்லை. பிறப்புப் பதிவு அலுவலகத்தின் முடிவு அது. அங்கே ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்த திறந்த மூல மென்பொருளின் முடிவும் அதுவே. உலகத்தில் யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், குறை சொல்லலாம், திருத்தலாம் என்கிற வகை மென்பொருள். ஐன் ஜெர்ராவில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெண்களுக்கு முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஹஃபிதாவுக்கு இது தெரியாது. இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது. மகன் நிஸார் இருந்தான். மகள் ரிஹாப் இல்லை. அதாவது, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பதிவில் இல்லை.

ஹஃபிதா நேரே அலுவலகத்துக்குப் போனாள். தலைமை அதிகாரி ஸி லஹ்பீப் புதினாத் தேநீரை உறிஞ்சியபடி விளக்கினார்.

"ஒரே அம்மா, ஒரே நாள். ரெண்டாவது பேரை அடிச்சதும் முதல் பேரைத் திருத்தறோம்னு மென்பொருள் நினைச்சிடுச்சு. உங்க மகளைத் திருத்தி மகனாக்கிடுச்சு, லல்லா," என்று மரியாதை குறையாமல் அழைத்தார்.

"அப்ப அது தப்புதானே?"

"எப்படித் தப்பாகும்? இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரல. நம்பகத்தன்மை நூறு சதவீதம்."

"இதோ நான் சொல்றேனே!"

"நீங்க சொல்லி, நான் எழுதிக்கிட்டா நூறு போயிடும். ஒரு குழந்தைக்காக ஊரோட நம்பகத்தன்மையைக் கெடுக்கலாமா? மக மறுநாள் பொறந்தாள்னு போட்டுடலாம்."

"ஐயா, அவதான் முதல்ல பொறந்தா!"

"அப்ப முந்தின நாள்," என்றார் பெருந்தன்மையாக.

ஹஃபிதா கோபத்தோடு கடைக்கு வந்தாள். தலைக்கு மருதாணி போட உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு துரியா சிரித்தாள்.

"என் பசங்கள்ல ஒருத்தன் திங்கள், ஒருத்தன் செவ்வாய். இங்க எல்லாரும் அப்படித்தான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாடி?"

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னு விட்டுட்டோம்."

ஹஃபிதா அந்த மென்பொருளைச் செய்தவர்களின் பக்கத்தைத் தேடிப்பிடித்து எழுதினாள். எஸ்டோனியாவிலிருந்து மார்த் என்ற பள்ளி ஆசிரியர் பதில் போட்டார். ஓய்வு நேரத்தில் சம்பளமில்லாமல் அதைப் பராமரிப்பவர் அவர். எதை அடித்தார்கள், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று கேட்டார். அவள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பார்த்துவந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவ்வளவுதான். சில நாளில் திருத்திய மென்பொருள் வந்தது. கீழே அவள் பெயருக்கு நன்றி. பதிவில் ரிஹாப் பிறந்தாள். ஹஃபிதா கடையிலேயே குலவை இட்டாள்.

நன்றியைப் பார்த்த ஸி லஹ்பீப் 'பயனர் பங்கேற்புப் பெருவிழா' நடத்தினார். 'மக்களின் மேலான விழிப்புணர்வை முன்னிட்டு' அவரே தனக்குக் கேடயம் கொடுத்துக்கொண்டார். 'நானும் பங்களிப்பாளன்' என்று அச்சடித்த பனியன் ஊரெங்கும் பரவியது. அதைப் போடாமல் காப்பிக் கடைக்குப் போவதே அவமானமாகிவிட்டது.

அந்தப் பனியன்களோடுதான் அடுத்த வாரம் ஊரே ஹஃபிதாவின் கடை வாசலில் கூடியது. திங்கள் ஒரு பிள்ளை, செவ்வாய் ஒரு பிள்ளை என்று எந்தத் தாயும் பெறமாட்டாள் என்று புது மென்பொருள் இரண்டு பதிவையும் நிறுத்திவைத்துவிட்டது.

"உன் பொண்ணு வந்தா, எங்க பசங்க போயிட்டாங்க!" என்று துரியா கத்தினாள்.

ஹஃபிதா மார்த்துக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது: "சரிசெய்துவிடலாம். உண்மையில் எந்தத் தேதி, பதிந்தது எந்தத் தேதி என்று மூன்று நான்கு பேர் எழுதினால் போதும்."

"கேட்டீங்களா? நான் பொய்த் தேதி போடல, அதனால என்னால எழுத முடியாது. உங்க கதையை நீங்கதான் எழுதணும்," என்றாள் ஹஃபிதா.

ஊரே கைப்பேசியை எடுத்தது. மார்த்துக்கு நாற்பது செய்திகள் போயின. நாற்பதிலும் ஒரே வரி: "எனக்கும் அதே பிரச்சினை."

அவர் பொறுமையாக மறுபடி விளக்கினார். இந்த முறை நாற்பது கட்டைவிரல் படங்கள் போயின. முதல் கட்டைவிரல் ஸி லஹ்பீபுடையது.

"உங்களுக்கும் இரட்டையா?" என்று கேட்டாள் ஹஃபிதா. "நீங்களாவது விவரமா எழுதக்கூடாதா?"

"நான் புகார் வாங்குற அதிகாரி, லல்லா. நானே கொடுத்தா வாங்குறது யாரு?"

விவரம் எதுவும் வராததால், வருத்தம் தெரிவித்துவிட்டு மார்த் அந்தப் புகாரை மூடிவைத்தார். பொதுமக்களின் ஏகோபித்த வேண்டுகோளை ஏற்று அலுவலகம் பழைய மென்பொருளையே திரும்பக் கொண்டுவந்தது. ரிஹாப் மறுபடி காணாமல் போனாள். பள்ளி திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஹஃபிதா அலுவலகத்துக்குப் போய், மகள் முந்தின நாள் பிறந்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்று வரிசையில் பின்னால் நின்றவர் கேட்டார்.

 ஹஃபிதா வெளியே வந்து, மார்த்துக்கு நடந்ததை எழுதலாமா என்று கைப்பேசியை எடுத்தாள். நிறைய எழுதவேண்டியிருந்தது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பைக்குள் போட்டுக்கொண்டாள்.