நமீபியா நானாவைத் தேடி நடந்து வந்தது

ஆப்பிரிக்காவிலிருந்து யாங்கோனுக்கு விமானத்தில் வந்தவர்கள் உண்டு, கப்பலில் வந்தவர்களும் உண்டு. அங்கிருந்து நடந்தே வரும் ஒரு விருந்தாளிக்காக இரண்டு வருடம் வாசலில் தண்ணீர் வைத்துக் காத்திருந்த மனிதர் இந்த நகரத்தில் ஒருவர்தான். பசுந்தாங் பகுதியில் எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருந்தார். அவருடைய உண்மையான பெயரை நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், தெருவுக்கே அவர் நமீபியா நானா.

நான் நாலாம் மாடி. வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். டீச்சரம்மாவை இங்கே செயாமா என்பார்கள், நானாவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் மனைவி எனக்கு லாத்தா, அதாவது அக்கா. நல்ல மனுஷி, ஆனால் அவரிடம் ஒரு ரகசியம் சொன்னால் அது நம்மை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

நமீபியாவுக்குப் போகும் முன் அவர் வெறும் சமையல்கார நானாதான். தன்பவுக் என்று நாங்கள் சொல்லும் பிரியாணிக்கு அவர் தம் போட்டால் மூன்றாம் மாடி பர்மிய அம்மா டோ மியா, விரத நாளாக இருந்தாலும், படியில் வந்து உட்கார்ந்து நாலு மூச்சு இழுத்துக்கொண்டு போவார். மூச்சு இழுப்பது விரதத்தில் சேராதாம்.

நானா வேலை பார்த்த முதலாளிக்குத் திடீரென்று வேட்டை ஆசை வந்தது. நமீபியப் பாலைவனத்தில் பத்து நாள், வழிகாட்டி, ஜீப், கூடாரம் எல்லாம் சேர்த்து ஏற்பாடு. முதலாளிக்கு வெளிநாட்டுச் சாப்பாடு இறங்காது, அதனால் நானாவும் போனார். கூடவே ஒரு டப்பா நாப்பியும் போனது. நாப்பி என்றால் நம் மீன் ஊறல். அதன் வாசனைக்குப் பழகாதவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

"டப்பாவைத் தொறந்தேன், செயாமா. துரை மண்வெட்டி எடுத்துட்டு வந்து, இடுப்பளவு குழி வெட்டிப் பொதைச்சுட்டாரு. காத்து திரும்புச்சுன்னா பத்து மைலுக்கு ஒரு மிருகம் நிக்காதாம்."

துரை என்றால் அந்த வழிகாட்டி. அரைக்கால் சட்டை போட்ட ஆறடி மனிதர். சாம்பல் நிரப்பிய ஒரு சின்னப் பையைத் தட்டித் தட்டி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். அவருக்கு முன்னால் தடம் பார்க்கிற ஆள் ஒருவர். மணலைப் பார்த்தே எந்த மிருகம், எப்போது போனது, எந்தக் காலை நொண்டுகிறது என்று சொல்லிவிடுவாராம். இவர்களோடு முதலாளி நாலு நாள் வேட்டையாடி ஒரு கரையான் புற்றைச் சுட்டார். ஐந்தாம் நாள் துப்பாக்கி உதைத்து அவருக்குத் தோள் வீங்கிவிட்டது.

நானாவின் கஷ்டம் வேறு. அங்கே கிடைத்த கறி எதுவும் ஹலால் இல்லை. ஐந்து நாளாக சோறும் டப்பா மீனும்தான். கறி ருசி பார்த்தே வயசான மனிதர், வாடிப்போய்விட்டார். துரை பார்த்து இரக்கப்பட்டு, "உன் சாப்பாட்டுக்கு நீயே ஒன்றைச் சுடு, உன் முறைப்படி அறுத்துக்கொள்" என்று துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். பிஸ்மில்லா என்று அல்லாவின் பெயரைச் சொல்லிச் சுட வேண்டும், உயிர் இருக்கும்போதே அறுக்க வேண்டும். நாற்பது வருடமாக பிஸ்மில்லா சொல்லாமல் அடுப்பு பற்ற வைக்காதவருக்கு அதைச் சொல்லியா தர வேண்டும்?

கிடைத்தது ஓரிக்ஸ் என்ற பெரிய மான். குதிரை உயரம், வெள்ளை முகத்தில் கறுப்புப் பட்டை, தலையில் நேராக நிற்கும் இரண்டு நீளக் கொம்பு. முன்னங்கால் முட்டிக்கு நேர்மேலே, தாழ்வாகச் சுடு, தோள் மேட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதே என்று துரை படித்துப் படித்துச் சொன்னார். மூன்று கால் குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து நானா குறி பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது திரும்பியது.

"என்னையப் பாத்துச்சு, செயாமா. துரையப் பாக்கல, முதலாளியப் பாக்கல. என்னைய மட்டும். வாய் தொறந்தது தொறந்தபடி நிக்கிது, சொல்லு வரல. விரல் அமுக்கிடுச்சு."

குண்டு மேலே பட்டது. மிருகம் ஓடிவிட்டது. மணலில் ரத்தம்.

வேட்டைக்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டாம். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் அந்த மிருகம் சுட்டவனுடையது. கிடைத்தாலும் அவனுடையதுதான், கிடைக்காவிட்டாலும் அவனுடையதுதான். அதைக் கண்டுபிடிக்கும்வரை தேட வேண்டும். இரண்டு நாள் தேடினார்கள். இரண்டாம் நாள் பகல் மூன்று மணிக்குக் கல்தரை வந்தது, தடம் நின்றுபோனது. மறுநாள் விமானம். வேறு வழியில்லாமல் வந்த வழியே திரும்பினார்கள்.

திரும்பும்போது தடம் பார்க்கிறவர் நின்றுவிட்டார். கீழே காட்டினார். மற்றவர்கள் எல்லோரும் பூட்ஸ். நானா மட்டும் இங்கே வாங்கிய வெல்வெட் செருப்பு. காலையில் அவர் நடந்துபோன செருப்புத் தடத்தின்மேல், அதன்மேல் மட்டும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குளம்பு பதிந்திருந்தது. இவர்கள் அதைத் தேடிப் போக, அது சுற்றி வந்து நானாவின் பின்னாலேயே நடந்திருக்கிறது. துரை ஒரு நோட்டில் ஏதோ எழுதிவிட்டு, "அது உன்னுடையது, எங்கே இருந்தாலும்" என்றாராம். அவர் சட்டத்தைத்தான் சொன்னார். நம் ஆள் அதை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பியவர் கறிச் சட்டியைத் தொடவில்லை. பருப்பு, கத்திரிக்காய், மறுபடி பருப்பு. முதலாளி வேறு ஆள் பார்த்துக்கொண்டார். ஒருநாள் என்னிடம் உலக வரைபடத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வைத்திருந்தது. ஒரு மாதமாகியும் வரவில்லையே என்று கேட்கப் போனால், அவர் வீட்டுச் சுவரில் அது தொங்குகிறது. நமீபியாவிலிருந்து மேல்நோக்கி ஒரு சிவப்புக் கோடு.

"இது என்ன நானா?"

"அது வர்ற வழி. அங்கோலா தாண்டிடுச்சு. முதுகுல காயம் இருக்குல்ல, மெதுவாத்தான் வரும். ஒரு நாளைக்குப் பதினஞ்சு மைல்னு போட்டிருக்கேன்."

"நடுவில் சூயஸ் கால்வாய் இருக்கு."

"பாலம் இருக்காம். விசாரிச்சுட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு படி இறங்கினேன். தெரு சிரித்தது. டீக்கடையில் அவரைப் பார்த்தால், "நானா, இப்போ எங்கே?" என்று கேட்பார்கள். அவரும் தயங்காமல் சொல்வார். சூடானில் மழை. எகிப்தில் ஒரு வாரம் லேட். அரேபியாவில் மூன்று மாதம் நின்றுவிட்டது, ஏனென்றால் அங்கே அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களாம். இதை நான் நம்பாமல் தேடிப் பார்த்தேன். அரேபியாவிலும் ஓரிக்ஸ் இருக்கத்தான் செய்கிறது.

இதற்கிடையில் வாளி. தினம் பகல் மூன்று மணிக்கு ஐந்தாம் மாடிப் படியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். வரப்போகிறதுக்கு இப்போதிருந்தே எதற்கு என்றால், "கணக்குல நான் தப்பு பண்ணியிருந்தா?" என்பார். எங்கள் கட்டடத்தில் மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். தெருவே "மீ லா பீ", கரண்ட் வந்தாச்சு, என்று கத்தும்போது ஓடிப்போய்ப் பிடித்தால்தான் உண்டு. நான் குளிக்கத் தண்ணீரில்லாமல் ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறேன், மேலே ஒரு மானுக்கு வாளி நிறையத் தண்ணீர். சண்டை போட்டேன்.

"நானா, இது அநியாயம். இல்லாத மிருகத்துக்கு எதுக்குத் தண்ணி?"

"நான் பேரு சொல்லாமச் சுட்டுட்டேன், செயாமா. தின்னவும் இல்ல, சாகடிக்கவும் இல்ல. அந்த வெயில்ல நடக்க விட்டுட்டேன். தண்ணியாச்சும் குடுக்க வேணாமா?"

இறங்கி வந்து, மறுபடி ஈரத்துணியை எடுத்தேன்.

டோ மியாவுக்கு இந்தக் கதை அரைகுறையாகத்தான் எட்டியது. படியில் தண்ணீர் வைத்தால் அது நாட் தேவதைக்குத்தான் என்று முடிவு கட்டி, ஒரு தேங்காயும் வாழைச் சீப்பும் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் மட்டும் சும்மா இருப்பதா என்று, யாரும் பார்க்காத நேரத்தில், வாளியைச் சுற்றி ஒரு கொத்து வேப்பிலை போட்டேன். பயமெல்லாம் இல்லை. ஒரு ஜாக்கிரதைதான்.

கோடு மணிப்பூர் வந்தது. டீக்கடையில் கேட்பது குறைந்தது. மாண்டலே வந்தது. யாரும் கேட்கவில்லை. ஐம்பது மைலில் இருக்கும் பெகு வந்த வாரம் நானா சாப்பாட்டைப் பாதியாக்கினார். பேச்சும் பாதியாகிவிட்டது. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. ஒருநாள் பகலில் லாத்தா என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

"நம்ம ஊர் எல்லை, இன்சீன் வந்துடுச்சாம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு இங்கே வருதாம். வந்து தன்னைக் கூட்டிட்டுப் போயிடும்ங்கிறாங்க உங்க நானா. துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டாங்க, செயாமா. டாக்டரு, இவங்க இதயம் ஒரு அதிர்ச்சி தாங்காதுன்னுட்டாரு. அது வந்தாலும் போயிடுவாங்க, வராட்டியும் ஏங்கியே போயிடுவாங்க."

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டு வருடமாக நாங்கள் சிரித்த கோட்டின் நுனியில் ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது. உடனே லாத்தாவிடம் ஒரு திட்டம் சொன்னேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, என் வாசலுக்குள் நின்றுகொண்டு, டோ மியாவின் தேங்காய் மூடி இரண்டால் படியில் குளம்புச் சத்தம் எழுப்புவது. மெதுவாக, பயமுறுத்தாமல். சத்தம் கேட்டதும் லாத்தா அவரைச் சமாதானப்படுத்தி உள்ளே கூட்டிப்போய்விடுவார். நான் ஏறிப்போய் வாளியில் பாதியைக் கவிழ்த்துவிடுவேன். மிருகம் வந்தது, குடித்தது, திரும்பியது. விஷயம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்த நானா வெள்ளைச் சட்டையோடு படியில் உட்கார்ந்தார். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஒன்றுகூட ஓடவில்லை. சித்திரை வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. நாய்கள் குரைக்கவில்லை. நான் கதவை ஒருக்களித்து வைத்து, தேங்காய் மூடிகளோடு குந்தியிருந்தேன். உள்ளங்கை வியர்த்து மூடி வழுக்கியது. கைலியில் துடைப்பதற்காக இரண்டையும் தரையில் வைத்தேன்.

டக்.

கீழேயிருந்து. பிறகு டக், டக். ஒரு இடைவெளி. ஒரு காலை இழுத்து வைப்பதுபோல் மறுபடியும் டக். லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை, தானே இறங்கிப்போய் எதையோ வைத்துத் தட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். சத்தம் டோ மியாவின் மாடியைத் தாண்டியது. என் வாசலுக்கு வந்தது. ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. வெயிலில் காய்ந்த மண் வாசனை வந்தது. நான் எழுந்து எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை, அதை எழுதுவதில் என்ன வெட்கம்.

அது மேலே ஏறியது. நானாவின் குரல் கேட்டது, "பிஸ்மில்லா" என்று. பிறகு, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல், "குடி, குடி, எல்லாம் உனக்குத்தான்." பிறகு வெகுநேரம் அவர் அழும் சத்தம்.

நான் ஏறிப் போனபோது லாத்தா வீட்டுக்குள், ஜன்னலோரம், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கவே இல்லையாம். நான்தான் தட்டுகிறேன் என்று நினைத்தாராம். வாளியில் நாலு விரற்கடை தண்ணீர் குறைந்திருந்தது. நானா உயிரோடு, முகமெல்லாம் நனைந்து, பசிக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தன்பவுக் போட்டார். டோ மியா மூச்சோடு நிற்காமல் இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு முதல் தட்டைக் கொண்டுவந்த நானா, வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க தேங்கா மூடி வச்சிருந்தது தெரியும், செயாமா. உங்க லாத்தா முந்தின நாளே சொல்லிட்டா. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் தெரியாத மாதிரி உக்காந்தேன்."

"அப்படியா நானா?"

"ஆனா நாலு காலு கேட்டுச்சு. உங்களுக்கு ரெண்டு கைதானே?"

நான் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினமும் மூன்று மணிக்கு வாளி நிறையும், நாலு விரல் குறையும். நானா கறி சமைத்தார், சதை போட்டார், என்னோடு தண்ணீருக்குச் சண்டையும் போட்டார். போன மாதம் முட்டி வலி முற்றி, படி ஏற முடியாமல், நகரின் மறுகோடியில், க்யிம்யிண்டைங்கில், மகன் வீட்டுக் கீழ்த்தளத்துக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய வண்டியிலிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தவர் வாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்திருக்க மாட்டார். என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்.

மறுநாள் கரண்ட் இல்லை. என் டிரம்மில் இருந்ததே அரை டிரம். திட்டிக்கொண்டேதான் மொண்டேன். திட்டிக்கொண்டேதான் ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப்போய், பூட்டிய கதவுக்கு முன்னால் வைத்தேன். இறங்கத் திரும்பியபோது கீழே டக், டக் என்று அதே சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலிப் படிக்குச் சொன்னேன்.

"அவரு இங்கே இல்ல. எங்கே போனாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வயசாயிடுச்சு, விட்டுடு. இனிமே எது வேணும்னாலும் என்கிட்ட கேளு."