மோட்டார் பிடித்த சுரம்

"இது மைனர்," என்றார் கிளிஃபர்ட்.

கிஷோர் கீபோர்டிலிருந்து நிமிர்ந்தான். மைனர் என்றால் சோக ஸ்கேல்; அவன் வாசித்தது சந்தோஷத்துக்கான அசல் மேஜர். ஆபீஸ் விட்டு வந்து கீபோர்டோடு மல்லுக்கட்டிப் பழகியது. "அங்கிள், இது சந்தோஷமான பாட்டு!"

"எனக்கு எழவு வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்குப்பா."

கிளிஃபர்ட், ரிச்சர்ட்ஸ் டவுன் ஏரியாவில் ஒரு சர்ச்சின் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர். கிஷோர் காதலிக்கும் சிந்துவின் அப்பா. மேஜர், மைனர் பிரித்து வாசிக்கத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான், தொம்மலூரில் கிஷோரின் ஃபிளாட்டுக்கு மகளோடு வந்திருந்தார்.

"இன்னொரு தடவ வாசி," என்று சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கிஷோர் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசித்தான். அட, நிஜமாகவே அழுகிறதே! காதைத் தீட்டினான். பாட்டுக்கு அடியில் எங்கேயோ 'ம்ம்ம்...'

"கண்டுபிடிச்சிட்டேன் அங்கிள்!" துள்ளி எழுந்தான். "கீழ தண்ணி மோட்டார் ஓடுது! சி மேஜருக்கும் அதோட ரிலேட்டிவ் மைனருக்கும் அதே ஏழு வெள்ளைக் கட்டைதான். பாட்டு எந்தச் சுரத்துல போய் உக்காருதுங்கறதுதான் வித்தியாசம். 'சி'யில உக்காந்தா மேஜர், 'ஏ'யில உக்காந்தா மைனர். நான் 'சி'யில உக்காந்தா, பாழாப்போன மோட்டார் 'ஏ'யைப் பிடிச்சு இழுக்குது!"

"பேச்சு பிரமாதம். வாசி."

சமையலறையிலிருந்து சிந்து குரல் கொடுத்தாள். "கிஷோர், குழாயில தண்ணியே வரல!"

"மோட்டார் ஓடுது சிந்து, இப்ப வந்துடும்!"

ஜன்னலை அடித்துச் சாத்திவிட்டு வாசித்தான். முனகல் குறையவில்லை. கீபோர்டில் சத்தத்தைக் கூட்டினான். மோட்டாரும் கூட்டியது. விடுவானா? பாட்டையே தூக்கி ஜி மேஜருக்கு மாற்றினான். மோட்டாரும் சமர்த்தாக நகர்ந்து, அதன் ரிலேட்டிவ் மைனரின் 'ஈ'யைப் பிடித்துக்கொண்டது. வோல்டேஜ் குறைந்திருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"இதுவும் மைனர்தான்," என்று தீர்ப்பு வந்தது. "சிந்து, கிளம்பும்மா."

சிந்து கலங்கிய கண்ணோடு வந்து நின்றாள். கிஷோர் போனை எடுத்து வாட்ச்மேன் கோவிந்தப்பாவிடம் கத்தினான்.

"அண்ணா, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க! என் கல்யாணமே அதுல தொங்குது!"

கோவிந்தப்பா ஒன்றும் புரியாமல் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அதற்குள் கிஷோர், "கடைசியா ஒரே தடவ, ப்ளீஸ் அங்கிள்!" என்று கெஞ்சிக் கூத்தாடி மறுபடி ஆரம்பித்திருந்தான். கிளிஃபர்ட் கண்ணை மூடியிருந்தார். 'ம்ம்ம்...'

"இன்னும் ஆஃப் பண்ணலையா அண்ணா?" என்று திரும்பாமலே அலறினான் கிஷோர்.

கோவிந்தப்பா சோபாவை ஒரு பார்வை பார்த்தார்.

"எந்த மோட்டாரு சாரே? அது நேத்தே எரிஞ்சு, கழட்டிக் கொண்டு போயாச்சு. 'ம்ம்ம்'ங்கறது உங்க மாமனாரு!"