ரிஜெக்ட் சாரும் கடல் காற்றாலையும்

எதையுமே முதல் தடவையில் சரி என்று சொல்லாத மனிதர் உலகத்திலேயே எங்கள் ரிஜெக்ட் சார் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் முதலில் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் எதிர் வீடு. கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். கையில் சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் சாக்பீஸ். எதையும் தட்டிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் அதன் மேல் ஒரு பெருக்கல் குறி.

லிஃப்ட் கதவில் போட்டார். விருந்துக்குப் போன வீட்டில் மணப்பாறை முறுக்கை மேஜையில் தட்டிவிட்டு, தட்டில் குறி போட்டார். என் மகளின் ஸ்கூல் வேனில் போட்டபோது டிரைவர் அலறிவிட்டார்.

"சார், போன வாரம்தான் எஃப்.சி. முடிச்ச வண்டி!"

"முடிச்சவர் கதவைத் திறந்து பாக்கலை. கீல் ஆடுது."

ஒரு வாரம் மகளை ஆட்டோவில் அனுப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் துவாக்குடியில் வெல்டிங் பரிசோதகராக இருந்த என் கணவருக்கு வெளிநாட்டு வேலை வந்தது. கடலுக்குள் நிறுத்தும் காற்றாலைத் தூண்களைச் சோதிக்க வேண்டும். இரண்டு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. எனக்கு அவரை அனுப்ப விருப்பமில்லை. போகாதீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை, அது சுயநலமோ? சார் ரிஜெக்ட் செய்துவிட்டால் பழி எனக்கில்லை. காபிக்குக் கூப்பிட்டேன்.

"கடல்ல காத்து விடாம அடிக்கும் சார். விளைநிலம் போகாது, புகை கிடையாது" என்றார் கணவர்.

"உப்பு இரும்பைத் தின்னுடுமே தம்பி! ரிப்பேர்னா போட்ல போகணும். அலை எழும்பினா கரையில உக்காந்து கொட்டாவி விடணும். செலவு எக்கச்சக்கம். மீன் பிடிக்கிறவங்க எங்க போவாங்க? பறவைங்க அடிபடாதா?"

உள்ளுக்குள் குதூகலித்து, அவருக்கு இன்னொரு காபி கொண்டுவந்தேன்.

"மீனவங்களைக் கேட்டுத்தான் இடம் பாக்கணும், ஒத்துக்கறேன். அதுக்காக நிலக்கரியையே எரிச்சுக்கிட்டு இருக்க முடியுமா சார்?"

சார் காபியைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்: "ஒரு வெல்டு சந்தேகமா இருக்கு. கப்பல் காத்துக்கிட்டு நிக்குது. மேனேஜர் கையெழுத்துப் போடுங்கறான். என்ன பண்ணுவே?"

"போட மாட்டேன் சார். வேலையே போனாலும்."

வேலைக் கடிதத்தின் உறையில் சார் ஒரு டிக் போட்டார். "பாஸ்."

என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. செய்தி கேட்ட வாட்ச்மேன், சாருக்கு உடம்பு சரியில்லையா என்று மாடியேறி வந்தே விசாரித்தார்.

"அத்தனை குறை சொன்னீங்களே சார்!" என்றேன்.

"குறை இருக்கும்மா. அதைப் பார்த்துச் சொல்ற ஆளுதான் அங்க வேணும்."

கணவர் கிளம்பினார். நான் சாரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒருநாள் மதியம் டிவியில் அந்தக் கடலில் சூறைக்காற்று என்றார்கள். கணவருக்குப் போன் அடித்தேன்; பிஸி. அரை மணி நேரமாக பிஸி. கோபத்தை மறந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். சார் காதில் போனோடு திறந்தார்.

"கரைக்கு வந்துட்டேல்ல? சரி, நாளைக்கு ஏறும்போது பெல்ட் கொக்கியை ரெண்டு தடவை இழுத்துப் பாரு. இந்தா, உன் வீட்ல வந்திருக்காங்க."

போனை என்னிடம் நீட்டினார்.

"சார் தினமும் கூப்பிடறார்" என்றார் கணவர். "முதல் நாள்லேர்ந்து."

அதுவரை, அந்தக் கடலை நினைத்துப் பயப்படுவது நான் ஒருத்திதான் என்று எண்ணியிருந்தேன்.